பெயரில்லாப் படங்கள்

ஊர் சுற்றப் போகிறவர்கள் வழியிற் காணும் மனிதரைப் படம் பிடிப்பது இக்காலத்தில் எல்லோர்க்கும் பொதுவான வழக்கமாகிவிட்டது. இதற்குத் தூர தேசம் போகவேண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ புறப்பட்டவர், மத்தியானத்துக்குள் மலையேறி, லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலைச் சரிவில் நிற்கும் தொழிலாளியைக் கைத்தொலைபேசியிற் பதித்துக்கொண்டு, மாலையில் வீடு திரும்பிவிடலாம். இப்படங்களைப் பொழுதுபோக்கென்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். நம் தோட்டத்து மக்களைப் பிறர் எவ்வாறு காண்கிறார்களென்பதற்கு இவற்றினும் மிகுதியாகப் பரவிய சாட்சி இன்று வேறில்லையாதலின், இவற்றைக் கலையென்றே மதித்து ஆராயப் புகுகிறோம்.

பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மூடுபனி, பசிய சரிவு, முதுகிற் கூடை, தலையிலே தொப்பி, குனிந்த முகம். அழகில்லையென்று சொல்லமாட்டோம். ஆயினும் இக்காட்சி பாதி கற்பனையாகிவிட்டதென்பதைத் தோட்டத்தார் அறிவர். இம்மலையில் இப்போது பெரும்பகுதிக் கொழுந்து கத்தரியாலும், இருவர் இருபுறமும் பிடித்து நடக்கும் இயந்திரத்தாலுமே வெட்டப்படுகிறது. வெட்டுவோரிற் பலர் வங்காள தேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். தமிழர் தொகை குறைந்துவிட்டது. படமெடுக்க வருவோர்க்கு இயந்திரம் பிடிப்பதில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பழங்காலத்தைத் தேடி அலைகிறார்கள். கத்தரியைக் கீழே வைத்துக் கையாற் கிள்ளிக் காட்டச் சொல்லுவாரும் உளர். நிறைக்குக் கூலி வாங்குகிறவன் இவர்களுக்காகச் சிறிது நேரம் நடிகனாகவும் வேண்டும் போலும்!

இப்பார்வை நேற்று முளைத்ததன்று. கல்கத்தாவில் 1815ல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரன் என்னும் ஆங்கில மாது புகைப்படக் கலையில் ஒப்பற்றவரென்று புகழப்படுபவர். (நம் மலைக்குப் பெயர் தந்த நில அளவைக்காரர் வில்லியம் காமரன் வேறு.) டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் முதலிய பெருமக்களை அவர் எடுத்த படங்களில் அவரவர் உள்ளமே முகத்தில் எழுந்து நிற்கும். அவர் கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875ல் அங்கே குடியேறி, 1879ல் அங்கேயே மாண்டார். இடைப்பட்ட காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் களுத்துறைப் பக்கத்துக் கிராமத்தாரையும் படமெடுத்தார். இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. ஒளியமைப்பிலே அவை எவற்றிற்கும் தாழ்ந்தவையல்ல. ஆனால் டார்வினுக்குப் பெயருண்டு. இவர்களுட் பெரும்பாலோர்க்கு இல்லை. 1877ல் அவர் வீட்டில் விருந்தினராயிருந்த ஓவியர் மரியான் நார்த் தம் நூலில் ஒரு செய்தி சொல்கிறார். உள்ளூர்வாசி ஒருவனது முதுகின் அழகிலே அவ்வம்மையார் மயங்கி, தோட்டமே இல்லாத தம் வீட்டுக்கு அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். முதுகுக்கு அத்தனை மதிப்பு! முதுகுக்குரியவனின் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

அதே காலத்தில், 1868 முதல் 1875 வரை, ஆங்கில அரசாங்கத்தார் இந்திய மக்களைப் பற்றி எட்டுத் தொகுதிகளாகப் படநூல் வெளியிட்டனர். நானூற்றுக்கு மேற்பட்ட படங்கள். அவற்றிலே மனிதருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சாதிப் பெயரும் கூட்டப் பெயருமே. ஒருவனைச் சாதியின் மாதிரியாக நிறுத்தும் அக்கொடுமையை விரித்துரைப்பது நம் வாசகர்க்கு வேண்டாதது.

மலாயாவிலோ வேடிக்கை வேறுவிதம். 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் படமும் பெருவிரல் ரேகையுமுள்ள அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டுமென்று சர்க்கார் விதித்தது. தோட்டத்திற் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதற்படம் அதுவே. அதிலே பெயர் சரியாக இருந்தது. அழகுக்காக எடுத்த படத்திற் பெயரில்லை. காவலுக்காக எடுத்த படத்திற் பெயருண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு படம் நமக்கு வேண்டும். அதை எடுக்கவேண்டியவர் நம்மவரே.

நம்மவர் எடுக்கிறார்களா? பழைய குழுப்படங்களை எடுத்துப் பாருங்கள்: துரை நடு நாற்காலியில், கிராணிமார் பக்கத்தில், கங்காணிகள் பின்னே, பால் வெட்டியவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் தரையில். படம் எடுத்தால் ஆயுள் குறையுமென்ற மூடநம்பிக்கையால் ஒதுங்கிய கிழவிகளோ படத்திலேயே இல்லை; இறந்தபின் மாலை சூட்ட ஒரு படம் தேடி அடையாளச் சீட்டைப் பெரிதாக்கியவர் எத்தனை பேர்! இன்று கருவி ஒவ்வொருவர் கையிலும் உண்டு. இளைஞர் ஸ்ட்ராபெரித் தோட்டத்திலே தம்மைத் தாமே எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அன்றித் தாப்பாச் சாலையோரம் தேனும் பெத்தாயும் விற்கும் பூர்வகுடியினரைக் காரிலிருந்து இறங்காமலே படமெடுக்கிறார்கள். வெள்ளைக்காரர் நமக்குச் செய்ததை நாம் செமாய் மக்களுக்குச் செய்வது எந்தச் சீர்திருத்தத்தைச் சேர்ந்தது?

கலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சாலை மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பதால்தான் தொப்பி தெரிகிறது, முகம் தெரிவதில்லை. சரிவில் இறங்கி நிரைக்குள் நின்று, அவர் கண்ணுக்கு நேரே கருவியைப் பிடிக்கவேண்டும். பனியின் வெண்மையைக் கருவி அளவாகக் கொள்வதால் கரிய முகம் இருண்டுபோகிறது. திரையிலே முகத்தின்மீது விரலை வைத்தால் கருவி முகத்துக்கு ஒளியளக்கும், பனி சற்று வெளிறினும் கேடில்லை. வேலை நடுவே மறிக்காமல் ஓய்வு வேளையிற் கேளுங்கள். வேண்டாமென்றால் வணங்கிவிட்டு வாருங்கள்.

வங்காள தேசத்து வாலிபனாயினும் லயத்துப் பாட்டியாயினும் ஒரு பிரதி அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். திரையிற் காட்டிவிட்டு வருவது கொடுத்ததாகாது. தானா ராத்தாவிலோ ஈப்போவிலோ தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் அவர் சொன்ன எழுத்துப்படியே பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் குறித்துக் கொடுங்கள். வழுவழுப்பான தாளிற் பென்சில் பிடிக்காது. சீக்கிரம் உலரும் மையால் எழுதி, காய்ந்தபின் அடுக்குக.