வீரால்ட்டின் நரகமும் மற்றவர்களின் அமைதியும்

எஸ்தோனியப் பதிப்போவியர் எடுவார்ட் வீரால்ட்டைப் (1898–1954) பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதையாடல் ஒன்று உண்டு. பாரிஸ் போனார், நரகத்தைக் கண்டார், மொராக்கோ போனார், சாந்தமடைந்தார். மதம் மாறியவன் கொடுக்கிற சாட்சியம் மாதிரி அவ்வளவு கச்சிதம். சந்தேகப்பட வேண்டியது இந்தக் கச்சிதத்தைத்தான்.

'நரகம்' (1930–32) செப்புத் தகட்டில் அமில அரிப்பும் உளிக்கீறலும் சேர்ந்து பிறந்தது. தலைக்குள்ளிருந்து தலை முளைக்கிறது. எது சதை, எது எந்திரம் என்று பிரிக்க முடிவதில்லை. தண்டிக்கிறவன் இந்தப் பக்கம், பாவி அந்தப் பக்கம் என்ற தேவாலய ஒழுங்கெல்லாம் இங்கே செல்லாது. புஷ்கினின் தெய்வநிந்தனைக் கவிதையான 'கவ்ரீலியாதா'வுக்கு 1928இல் படம் போட்டவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது, இல்லையா? 'கேபரே' (1931), 'பிரசங்கி' (1932) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேளிக்கை விடுதியும் பிரசங்க மேடையும் ஒரே கூட்டவெறிக்குத் திறக்கும் இரண்டு வாசல்கள். இரண்டு போர்களுக்கு நடுவிலிருந்த ஐரோப்பாவின் முகம் இது. இதுவரை சரி.

சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. 1938–39இல் மொராக்கோ. அங்கிருந்து வந்த தலைகளில் கோரம் இல்லை, பிதுங்கல் இல்லை. கோடு மென்மையாகிறது. 'ஒட்டகத்துடன் பெர்பர் பெண்' (1940) படத்தில் பெண்ணின் முகத்துக்கும் மிருகத்தின் முகத்துக்கும் ஒரே நிதானம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வரலாறு ஐரோப்பியனைத்தான் சிதைக்கும், பெர்பர் பெண் வரலாற்றுக்கு வெளியே ஒட்டகத்தோடு நிற்பாள் என்றால், அந்த அமைதி யார் கொடுத்தது? மொராக்கோ அப்போது பிரெஞ்சு 'பாதுகாப்பில்' இருந்த நாடு. அதற்குச் சில வருஷம் முன்னால், 1931இல், வீரால்ட் வாழ்ந்த அதே பாரிஸ் காலனியக் கண்காட்சி நடத்தி காலனி மக்களைக் காட்சிப்பொருளாக நிறுத்தியிருந்தது. ருஷ்யப் பேரரசின் கீழ் கிடந்து 1918இல் விடுதலையை அறிவித்த ஒரு சின்ன மக்கள் கூட்டத்தின் கலைஞர் இவர். ஆளப்பட்டவன் என்பதாலேயே பார்வை சுத்தமாகிவிடாது.

இதற்காக அவரைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லவில்லை. 'வீர்வே' (1943) என்ற சிறுமியின் படம் இருக்கிறது. அவர் 1939இல் ஊர் திரும்பிய பிறகு செய்தது. முதலில் சோவியத், 1941 முதல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு. அந்தக் குழந்தையின் முகமும் அசையாமல்தான் இருக்கிறது. ஆனால் இந்த அசைவின்மையைச் சாந்தம் என்று படிக்க முடியவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பதாகத்தான் படிக்க முடிகிறது. இதே வாசிப்பைப் பெர்பர் பெண்ணுக்கும் நாம் தர வேண்டும், படம் இடம் கொடுக்காவிட்டாலும்.

1944இல் வீரால்ட் நாட்டை விட்டுப் போனார். வியன்னா, ஸ்வீடன், 1946இல் மறுபடி பாரிஸ். திரும்பவில்லை. பேர் லாஷேஸ் இடுகாட்டில் கிடக்கிறார்.