ஒட்டுண்ணி என்னுஞ் சொல்

வேறோர் உயிரின் மேலோ உள்ளோ வாழ்ந்து, அதனிடம் உணவு பெற்று, அதற்குக் கேடு விளைப்பது ஒட்டுண்ணி என உயிரியல் நூல்கள் கூறும். வரைவிலக்கணம் செவ்விதே. ஆயினும் இக்கருத்தைக் குறிக்கும் சொல் மனிதரிடமிருந்து இயற்கைக்குச் சென்று, மீண்டும் மனிதர்மேல் வந்து வீழ்ந்த வரலாறு ஆராயத்தக்கது.

ஐரோப்பிய மொழிகளில் வழங்குஞ் சொல்லின் மூலம் கிரேக்க மொழியின் ‘பரசித்தோஸ்’ என்பதாம். ‘பரா’ என்பது அருகு. ‘சித்தோஸ்’ என்பது தானியம், உணவு. அருகிருந்து உண்பவன் என்பதே பொருள். பண்டை அதென்ஸ் நகரில், சமய விருந்தில் அமரும் உரிமை பெற்ற மதிப்புக்குரியோரை அது குறித்தது. பின்னர் நகைச்சுவை நாடகத்தார் கைப்பட்டு, செல்வர் பந்தியில் முகமன் கூறி வயிறு வளர்ப்பவன் பெயராயிற்று. உரோம நாடகாசிரியர் தெரென்ஸ் கி.மு. 161இல் அரங்கேற்றிய ‘யூனுக்கஸ்’ நாடகத்தில் ஞாத்தோ என்னும் அத்தகையான் ஒருவன் வருகிறான். மெய்யியலாளரின் மாணாக்கர் ஆசிரியர் பெயரால் வழங்கப்படுதல்போல, முகத்துதியாளர் யாவரும் தன் பெயரால் வழங்கப்படல் வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் நகைத்தற்குரியவன், ஆயினும் மனிதன்.

18ஆம் நூற்றாண்டில் இயற்கையறிஞர் இச்சொல்லைத் தாவரத்துக்கும் விலங்குக்கும் ஆளலாயினர். பழைய பந்தியின் நினைவு ‘விருந்துவழங்கி’ என்னும் நம் பாடநூற் சொல்லில் இன்றும் உளது. மலேரியாக் கிருமிக்குத் தன் குருதியை இழந்து நடுங்குபவனை விருந்துவழங்கி என்பது சற்றுக் கொடிய நகைச்சுவையே!

தமிழ்ச் சொல்லோ பந்தியை அறியாது. ஒட்டுதலும் உண்ணுதலுமே அதன் உறுப்புக்கள். குருதிக் கலத்தினுள் வாழும் கிருமிக்கு ஒட்டுதல் பொருந்துமாறு இல்லை. மரக்கிளையில் வளரும் ஓர்க்கிட்டை மேலொட்டி என்பர். அது ஒட்டுகிறது, ஆனால் மரத்தை உண்பதில்லை. இரண்டிலும் ஒட்டு நிற்பதால், ஓர்க்கிட்டையும் ஒட்டுண்ணி என மயங்குவார் உளர். மாமரத்துக் குருவிச்சையோ மரத்தின் நீரையும் கனியுப்புக்களையும் கவர்ந்தாலும், தன் பச்சை இலைகளால் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். அதனை அரையொட்டுண்ணி என்பதே நேரிது. குயில் காக்கையை ஒட்டுவதுமில்லை, உண்பதுமில்லை. தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டு அகல்கிறது. அதுவும் ஒட்டுண்ணி வாழ்க்கையின் ஒரு வகையென்றே உயிரியலார் கொள்வர்.

குயிலுக்கு வடமொழியில் ‘பரபிருதம்’ என்று ஒரு பெயருண்டு. பிறரால் வளர்க்கப்பட்டது என்பது பொருள். காளிதாசரின் சாகுந்தலத்து ஐந்தாம் அங்கத்தில், தன்னை நாடி வந்த சகுந்தலையை அறியேன் என மறுக்கும் துஷ்யந்தன், பெண்பாலின் இயல்பான சூழ்ச்சிக்கு இப்பறவையையே சான்று காட்டுகிறான். குற்றமற்றவளைப் பழிக்க இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தல் எத்துணைப் பழமையானது என்பதை அவ்விடம் உணர்த்தும்.

உயிரியலில் இச்சொல் ஓர் உறவைக் குறிக்கும், பழியைக் குறிப்பதன்று. விருந்துவழங்கி எது, அதற்கு நேர்ந்த இழப்பு யாது என்பன அங்குக் காட்டப்படல் வேண்டும். மனிதர்மேல் ஏற்றுங்கால் ‘சமுதாயம்’ விருந்துவழங்கியாகிறது. இழப்பை அளப்பார் எவருமில்லை. விஞ்ஞானத்தின் முத்திரை மட்டும் எஞ்சுகிறது. நாசிகள் யூதரை இப்பெயராற் சுட்டியபோது ஞாத்தோவை நினைத்தாரல்லர். ஒழிக்கப்படவேண்டிய கிருமியையே நினைத்தனர். தமிழில் ஒருவனை ஒட்டுண்ணி எனின், மாட்டின் செவியிலிருந்து பிடுங்கி நசுக்கப்படும் உண்ணியே முதலில் நினைவுக்கு வரும். ஆதலின் நம் மொழியில் அவ்வசை இன்னுங் கொடிது.

சோவியத் இரசியக் குடியரசு 1961 மே 4ஆம் நாள் விடுத்த ஆணை, பயனுள்ள உழைப்பைத் தவிர்த்து ‘ஒட்டுண்ணி வாழ்க்கை’ நடத்துவோரைத் தொலைவிடங்களுக்கு அனுப்ப வழிசெய்தது. அதன்படி 1964இல் லெனின்கிராட்டில் கவிஞர் யோசப் புரொட்ஸ்கி விசாரிக்கப்பட்டார். அவரைக் கவிஞர் வரிசையிற் சேர்த்தவர் யார் என நீதிபதி வினவினார். ஆலையிலும் நிலவியல் ஆய்வுக் குழுக்களிலும் உழைத்தவர், கவிதை இயற்றியும் மொழிபெயர்த்தும் வந்தவர். எனினும் ஐந்தாண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை பெற்றார். 1965இல் விடுவிக்கப்பட்டு, 1972இல் நாட்டைவிட்டு அகற்றப்பட்ட அவருக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. வேலையற்றோர்மீது வரிவிதித்து 2015இல் பெலருஸ் நாடு பிறப்பித்த ஆணை, ‘சமுதாயச் சார்புநிலை’ என்றே தலைப்பில் எழுதிற்று. மக்களோ அதனை ஒட்டுண்ணி வரி என்றே வழங்கினர். 2017இல் அதனை எதிர்த்துத் தெருவிலிறங்கியோர் வாயிலும் அப்பெயரே இருந்தது.