வீழ்ச்சிக்கு முன் சாவு: 'உயிர்' என்னும் சொல்லை முன்வைத்து ஒரு நோக்கு

முதல் மனிதரின் வீழ்ச்சிக்கு முன் இயற்கையில் சாவு இருந்ததா என்பது கிறித்துவச் சிந்தனையில் நெடுங்காலமாகத் தொடரும் வினாவாகும். பாவத்தின் வழியே சாவு வந்தது எனும் உரோமையர் திருமுகக் கருத்தை (5:12) விலங்குலகுக்கும் விரித்துக் கொள்வோர் உளர். மில்டனின் 'இழந்த சொர்க்கம்' (1667) காப்பியத்தில் வீழ்ச்சிக்குப் பின்னரே விலங்குகள் ஒன்றையொன்று இரையாக்குகின்றன. 13ஆம் நூற்றாண்டினரான தாமஸ் அக்குவினாசோ, மனிதரின் பாவத்தால் சிங்கத்தின் இயல்பு மாறவில்லை என மறுத்தார். புவியியலறிஞர் வில்லியம் பக்லாந்தும் 1839இல் ஆக்சுபோர்டில் ஆற்றிய மறையுரையில், அத்தண்டனை மனிதருக்கே உரியது என வாதிட்டார்.

இவ்வினா தமிழில் மேலும் கூர்மை பெறுகிறது என்பது நம் கருத்து. தொடக்கநூல் விலங்குகளுக்கும் பசும்பூண்டையே உணவாகக் குறிக்கிறது (1:30). புராட்டஸ்டண்டு சபையார் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு விலங்குகளை 'ஜீவஜந்துக்கள்' என்கிறது. தாவரத்திற்கு அவ்வடையைத் தருவதில்லை. எபிரேய மூலத்தின் பாகுபாடும் அதுவே. தொல்காப்பிய மரபியலோ புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகக் கொள்கிறது. அதன்படி நோக்கின், ஏதேனில் வேரோடு பறித்துண்ட பூண்டும் ஓர் உயிரின் முடிவே. எனவே, 'சாவே இல்லை' என்போர் எவ்வுயிரின் சாவு என வரையறுத்தல் வேண்டும்.

கேமரன் மலையில் கியா பார்மைக் கடந்து, தேயிலைத் தோட்டங்களினூடே பிரிஞ்சாங் முகட்டுக்கு ஏறுவோர் இவ்வரையறையின் இடர்ப்பாட்டைக் கண்கூடாகக் காணலாம். கொழுந்து கிள்ளுவதால் தேயிலைச்செடி சாவதில்லை, மீண்டும் துளிர்க்கிறது. முகட்டின் பாசிக்காட்டிலோ குடுவைச்செடி பூச்சிகளை வீழ்த்திச் செரித்து, மண்ணில் குறைந்த சத்தை ஈடுசெய்கிறது. உணவாகக் குறிக்கப்பட்ட தாவரமே இங்கு உண்கிறது. இதனைப் பாவத்தின் விளைவு எனின், குற்றமறியாச் செடிமீது பழி சுமத்தியதாகும்.

படைப்பனைத்தும் வேதனையுறுகிறது எனும் கருத்து (உரோமையர் 8:22) இதற்குத் தடையாகக் காட்டப்படலாம். ஆயினும், அங்கு ஆளப்படும் உருவகம் ஈற்றுநோவு. அது பிறக்கவிருப்பதை நோக்கியது. அந்நோவு எப்போது தொடங்கிற்று என அப்பகுதி வெளிப்படையாகக் கூறவில்லை. ஐந்தாம் அதிகாரமும் சாவு மனிதர் எல்லாரையும் சேர்ந்தது என்றே பேசுகிறது.

ஆகவே, மரபியலையும் கிறித்துவத் தமிழ் இலக்கியத்தையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியர், 'உயிர்', 'சீவன்' ஆகியவற்றை ஒருபொருட் சொற்களாகக் கடந்து செல்லலாகாது. இவ்விரண்டின் இடைவெளியிலேதான் அவ்வினா உயிர்ப்புடன் உள்ளது.