உள்ளங்கையிலிருந்து வந்தவன்

படக்கதைகளைப் பற்றி எழுதுவது ஒரு நாவலாசிரியனுக்கு அழகல்ல என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. நானும் வெகுகாலம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். சமீபத்தில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, படிக்க ஏதாவது கொடு என்று பேரனைக் கேட்டேன். அவன் கொண்டுவந்து போட்டது பழைய சூப்பர்மேன் கதைகளின் மறுபதிப்பு. வேறு கதியில்லாமல் புரட்டினேன். காய்ச்சல் விட்டுவிட்டது, அதில் படித்த ஒரு கதை மட்டும் இன்னும் விடவில்லை.

1958 நவம்பர் என்று தேதியிட்டு அமெரிக்காவில் வெளியான சூப்பர்மேன் 125-ஆவது இதழில் வந்த கதை அது. ‘சூப்பர்மேனின் புதிய சக்தி’ என்று தலைப்பு. அந்நிய கிரகத்துச் சின்ன விண்கலம் ஒன்று வெடிக்கிறது. அதன் பிறகு சூப்பர்மேனால் பறக்க முடியவில்லை. அசுர பலமும் போய்விட்டது. பதிலுக்கு விசித்திரமான ஒரு சக்தி வந்து சேருகிறது. கையை நீட்டினால் உள்ளங்கையிலிருந்து ஒரு குட்டி சூப்பர்மேன் புறப்படுகிறான். அதே முகம், அதே உடை. அளவு மட்டும் பொம்மை அளவு. பெரியவன் இழந்த ஆற்றல் அத்தனையும் அவனிடம் இருக்கிறது. ஆபத்து என்றால் அவன்தான் பறக்கிறான், அவன்தான் காப்பாற்றுகிறான்.

அந்தக் காலத்து சூப்பர்மேன் கதைகளில் இது வழக்கமான உத்திதான். பத்து சென்ட் கொடுத்து வாங்கும் பையனுக்கு இதழுக்கு இதழ் ஏதாவது ஓர் அதிசயம் காட்டியாக வேண்டும். ஆனால் கதாநாயகன் மாறிப்போய்விடவும் கூடாது. அடுத்த இதழ் பழையபடியே தொடங்க வேண்டும் அல்லவா? ஆகவே முதல் பக்கத்தில் வந்த வரம் கடைசிப் பக்கத்தில் போய்விடும். இப்படிப்பட்ட கதையில் பாத்திர வளர்ச்சியை எதிர்பார்ப்பது வீண் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் இந்தக் கதையை எழுதியவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். கதாநாயகனுக்குப் பொறாமையைக் கொடுத்திருக்கிறார். ஊர் முழுவதும் குட்டியைக் கண்டு அதிசயிக்கிறது. பெரியவன் ஓரத்தில் நிற்கிறான். கை அவனுடையது, புகழ் அவனுடையதல்ல. உலகத்தையே தோளில் தாங்கியவன், தன் கையிலிருந்து பிறந்த ஒரு சுண்டுவிரல் உருவத்தைக் கண்டு மனம் புழுங்குகிறான். இந்தப் புழுக்கத்தைக் காட்டுகிற விதத்தில் நயம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவன் நினைப்பதையெல்லாம் தலைக்கு மேல் குமிழி போட்டு எழுதிவிடுகிறார்கள். வாசகன் ஊகித்துக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை. என்றாலும் உணர்ச்சி பொய்யல்ல.

முடிவில், சூப்பர்மேனின் உயிருக்கு எமனான கிரிப்டனைட் வருகிறது. குட்டி குறுக்கே புகுந்து தன்னைப் பலி கொடுத்துப் பெரியவனைக் காப்பாற்றுகிறான். பழைய சக்திகள் திரும்பிவிடுகின்றன. எல்லாம் சுபம். ஆனால் கதை முடிந்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. குட்டி தானாகவே சாகப் போனானா, அல்லது புழுங்கிய மனம்தான் அவனை அனுப்பிவைத்ததா?

இந்தக் கதையை எழுதியவர் ஜெர்ரி கோல்மன் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அன்றைய வழக்கப்படி இதழில் அவர் பெயர் கிடையாது. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் இருவரின் பெயரும் அப்போது கிடையாது. 1938-இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்ட இளைஞர்கள் அவர்கள். பிறகு வழக்காடித் தோற்றார்கள். போட்டுவந்த பெயரும் எடுக்கப்பட்டுவிட்டது. 1959-இல் சீகல் திரும்பி வந்து, தாம் பெற்ற பிள்ளைக்கே பெயர் போடாத கூலி எழுத்தாளராகக் கதை எழுதினார். 1975-இல்தான் இருவருக்கும் ஓய்வூதியமும் பெயரும் கிடைத்தன. உள்ளங்கையிலிருந்து புறப்பட்டவன் வானத்தில் பறந்தான். கைக்குரியவர்கள் தரையில் நின்றார்கள். கோல்மன் இதை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவன் நினைக்காததும் எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது உண்டு.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு விதவை அத்தை. கதைக்கு அவசியமில்லாதவள், எப்படியோ உள்ளே வந்துவிட்டாள். ஒரு நாள் கும்பகோணம் போகும் ரயிலில் எதிரே இருந்த அம்மாள் அந்தப் பத்திரிகையை வைத்துக்கொண்டு அத்தையைப் பற்றி மெய்ம்மறந்து பேசினாள். “யார் எழுதுகிறார்கள்?” என்று ஒன்றும் அறியாதவன் போல் கேட்டேன். “யார் எழுதினா என்ன ஸார்? அந்த அத்தை இருக்காளே, அவதான் கதை!” என்றாள்.

மூன்று அத்தியாயம் கழித்து அத்தை விஷ ஜுரத்தில் செத்துப்போனாள்.

வாசகர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். கதையின் போக்கு அப்படிக் கேட்டது என்று எல்லோருக்கும் பதில் எழுதினேன். இத்தனை வருஷமாக நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். பத்து சென்ட் படக்கதை ஒன்று வந்து அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது.

அந்தத் தொடரின் கதாநாயகனை இன்று ஒருவருக்கும் நினைவில்லை. அத்தையைப் பற்றி மட்டும் இன்னும் கேட்கிறார்கள். கதை எழுத முனையும் இளைஞர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் புஸ்தகங்களின் ஜாபிதாவில் பேரனின் புத்தகத்தையும் சேர்த்திருக்கிறேன்.