ஒரு கம்பு தூரம்

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். உப்பளமும் கழுவெளி நீர்ப்பரப்பும் மீனவர் குப்பங்களும் மாறி மாறி வரும் இந்தத் தூரத்துக்குள், நடுவயதில் ஒரு தற்காப்புக் கலையைத் தொடங்க நினைப்பவருக்குப் பெருநகரத்தில்கூட எளிதில் அமையாத வசதி இருக்கிறது. ஊர்த் திடல்களில் சிலம்பம். ஆரோவில் பக்கம் போனால் களரிகிராமில் களரிப்பயட்டு, ஆரோவிலுக்குள் ஐக்கிடோ. கராத்தேவுக்கும் டேக்வாண்டோவுக்கும் பள்ளிக்கூட மைதானங்கள். இத்தனை இருந்தும் நாற்பத்தைந்து வயதுக்காரர் வந்து நின்று கேட்கும் முதல் கேள்வி, "இதுல எது சார் பவர்ஃபுல்?" என்பதுதான்.

இருபது வயதில் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. நாற்பத்தைந்தில் தேட வேண்டியது, ஐம்பத்தைந்திலும் ஆட முடிகிற கலையை. அதற்கு உடம்பைக் கொடுக்குமுன் கண்ணைக் கொடுக்க வேண்டும். சில வாரம் திடலோரம் சும்மா நின்று பார்த்தாலே போதும், எந்தக் கலை முழங்காலைக் கேட்கிறது, எது தோளைக் கேட்கிறது, எது முதுகைக் கேட்கிறது என்று பிடிபட்டுவிடும். ரசிகராக நிற்கத் தெரியாதவர் மாணவராகச் சேர்ந்தால் மூன்றாம் மாதம் மூட்டு வலி மாத்திரையோடு திரும்புவார்.

ஜூடோவை எடுத்துக்கொள்ளலாம். கானோ ஜிகோரோ 1882-ல் டோக்கியோவில் கோடோகானைத் தொடங்கி வளர்த்த அந்தக் கலையில் முதல் பாடமே விழுவது. வயது ஏற ஏற, அடிபடாமல் விழத் தெரிவதைவிடப் பயனுள்ள வித்தை வேறு கிடையாது. சிக்கல் என்னவென்றால், அது கைவர நூற்றுக்கணக்கான தடவை விழுந்தாக வேண்டும்; அடுத்தவர் தூக்கிப் போடவும் வேண்டும். பெரும்பகுதி தரையிலேயே நடக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் அந்தச் சிக்கல் குறைவு. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஆந்தனி போர்டெய்ன் அதை 58 வயதில் தொடங்கினார். 2016-ல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் தன் வயதுப் பிரிவில் நீலப்பட்டைக்காரராகத் தங்கமும் வாங்கினார். நடுவயதுக்காரர்களை உசுப்பேற்ற எல்லோரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அவர் கிட்டத்தட்ட அன்றாடம் பயிற்சிக்குப் போனவர் என்பதை மட்டும் சொல்வதில்லை.

தாய் சியைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது. சீன அரசு 1956-ல் பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைத்த 24 அசைவு முறை இன்று உலகம் முழுக்கப் பூங்காக்களில் நடக்கிறது. முதியோர் கீழே விழுவதை அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கக்கூடும் என்று 2019-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. ஆனாலும் பூங்காவில் ஆடுகிற தாய் சியில் எதிராளி இல்லை. எதிரே ஒரு ஆள் நிற்கும்போது வருகிற அந்தப் படபடப்பு வேண்டும் என்பவருக்கு அது உப்புக் குறைந்த சாப்பாடு.

களரி விஷயம் வேறு. நாற்பத்திரண்டுக்கு இருபத்தோரு அடியில் தரையைத் தோண்டி அமைத்த களத்தில், எண்ணெய் பூசிய உடம்பு சிங்கமாகவும் யானையாகவும் தாழ்ந்து எழுவதைப் பார்த்தவர்கள் அந்த அழகிலிருந்து சீக்கிரம் வெளியே வர மாட்டார்கள். கேரளத்து வடகரையின் களரி ஆசான் மீனாட்சி அம்மா எழுபது வயதைக் கடந்தபின் 2017-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த வயதிலும் வாளும் கேடயமுமாகக் களத்தில் நின்றவர். ஆனால் அவர் ஏழு வயதில் தொடங்கியவர். மெய்த்தாரி என்னும் முதல் கட்டப் பயிற்சி முழுக்க முழங்காலை முழுதாக மடக்கி எழுவதும், காலைத் தலைக்குமேல் வீசுவதும்தான். அதை நாற்பத்தைந்தில் தொடங்குபவர் வேறொரு கணக்கோடு போக வேண்டும். அந்தக் கணக்குக்கு இந்தப் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. மும்பையில் பள்ளி ஆசிரியையாக இருந்து நாடகத்துக்கு வந்த வீணாபாணி சாவ்லா, வளர்ந்த பிறகு களரி கற்றவர். ஆரோவில் அருகே அவர் நிலைநிறுத்திய ஆதிசக்தி நாடகக் குழுவில், நடிகரின் மூச்சையும் முதுகெலும்பையும் விழிக்கவைக்கும் பயிற்சியாகக் களரியைக் கையாண்டார்கள். யாரையும் அடிக்க வேண்டியதில்லை என்று தீர்மானித்துவிட்டால் களரி நடுவயதுக்கும் இடம் கொடுக்கும்.

அடிக்கவும் வேண்டும், அடிபடவும் கூடாது என்றால் மிஞ்சுவது சிலம்பம்.

இது ஊர்ப்பாசத்தில் சொல்வதாகத் தோன்றலாம். காரணம் கம்பின் நீளத்தில் இருக்கிறது. தரையில் ஊன்றினால் நெற்றி மட்டத்துக்கு வரும் மூங்கில் கம்பு. எதிராளி கையிலும் அதே அளவு. இருவருக்கும் நடுவே எப்போதும் ஒரு கம்பு தூரம். யாரும் யாரையும் பிடித்து இழுப்பதில்லை, தூக்கிப் போடுவதில்லை. தொடுமுறைப் போட்டியில் கம்பு நுனி உடம்பைத் தொட்டால் புள்ளி. முன்பெல்லாம் நுனியில் சாயமோ ஒட்டும் பொடியோ தடவி, உடம்பில் விழுந்த பொட்டுகளை எண்ணித் தீர்ப்புச் சொல்வார்கள். வேகமும் விழிப்பும் அத்தனையும் உண்டு. எலும்பு மீது எலும்பு மோதுவது மட்டும் இல்லை.

வலு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிடியிலிருந்து நுனி நாலடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினாலே நுனி மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் போகும்; மூன்று சுற்றுக்கு 80-ஐத் தாண்டும். புஜத்தைத் திரட்ட வேண்டிய வேலையை நீளம் செய்துவிடுகிறது. கைக்கு மிச்சமிருப்பது மணிக்கட்டைத் திருப்பும் வேலை. புதிதாகக் கம்பெடுப்பவர் தோளால் சுற்றுவார். பத்து நிமிடத்தில் தோள் எரியும். உறைதோள் என்கிற தோள் இறுக்கம் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில்தான் அதிகம் வருகிறது, சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். ஆகவே மாஸ்டர் முதல் மாதத்தில் மணிக்கட்டையும் காலடியையும் விட்டு மேலே போகிறாரா என்று கவனிப்பது நல்லது. போனால் வேறு திடல் தேடலாம்.

காது கூடவே இருந்து பாடம் சொல்லும். கம்பு வலப்பக்கம் இறங்கும்போதும் இடப்பக்கம் இறங்கும்போதும் காற்றைக் கிழிக்கும் ஒலி ஒரே அளவாக வர வேண்டும். ஒரு பக்கம் 'உய்ங்' என்றும் மறுபக்கம் மொண்ணையாகவும் கேட்டால் ஏதோ ஒரு மணிக்கட்டு பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். தேர்ந்த ரசிகர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் யார் கை தேறியது என்று சொல்லிவிடுவார். அலங்காரச் சுற்றில் கம்பு வட்டமாக மின்னும்போது கூட்டம் கைதட்டும். அப்போது பார்க்க வேண்டியது காலை. சுற்று வேகமாகும்போது குதிகால் எங்கே விழுகிறது, முன்கால் மாறும்போது இடுப்பு கூடவே திரும்புகிறதா? கால் தூங்கினால் கை எவ்வளவு மின்னினாலும் அது வெறும் வித்தைகாட்டல். 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆர். கம்பெடுக்கும் சண்டையை இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்கலாம். 1963-ல் அந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 46.

கழியைப் பிடித்து நிற்கும் இந்தப் பாங்கு மரக்காணத்துக்காரர்களுக்கு அந்நியமும் இல்லை. பாத்தியில் நின்று, நீளக் கழியில் பலகை பொருத்திய கருவியால் உப்பை வாரிக் கரையேற்றும் பெண்களைக் கவனித்தால் தெரியும். முன்கால் லேசாக மடங்கியிருக்கும், எடை பின்காலில் இருக்கும். இழுவை இடுப்பிலிருந்து வரும், கை பின்னால் வந்து சேரும். காலை முழுக்க அந்த வேலை செய்பவர் கையால் இழுத்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. சிலம்பத் திடலில் மாஸ்டர் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுப்பதும் அதே நிற்பைத்தான்.

இப்போது ஒரு சங்கடம். தமிழக அரசு 2021-ல் அரசு வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. கலைக்கு நல்ல காலம்தான். ஆனால் திடல்கள் சான்றிதழுக்கு வரும் பிள்ளைகளால் நிரம்பி வழிகின்றன. தொந்தியோடு போய் நிற்கும் அப்பாவுக்குப் பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி இரட்டைக் கம்பு சுற்றிக்கொண்டிருப்பாள். அவளே "அங்கிள், கட்டை விரலை மேல வைங்க" என்று திருத்தவும் செய்வாள். அந்தத் திருத்தத்தைக் கோபமில்லாமல் வாங்கிக்கொள்ள முடிந்தவர் பாதிக் கலையைக் கற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது அவசியம். வெறுங்காலில் ஆடும் கலை இது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர், சிப்பியும் முள்ளும் கிடக்கும் கடலோர மண்ணில் காயம் பட்டதே தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கக்கூடும். அவர் மெல்லிய காலணி போட்டுக்கொள்ளலாம், மாஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். கடற்கரையின் பொதி மணல் கெண்டைக்காலுக்கு நல்லது, காலடி பழகுவதற்கு ஆகாது. கால் திரும்ப வேண்டிய நேரத்தில் மணல் பிடித்துக்கொள்ளும், முழங்கால் மட்டும் திரும்பும். கெட்டித் தரைதான் சரி. கோடையில் இந்தக் கரையில் ஏழரை மணிக்கே வெயிலில் கண் கூசும் என்பதால் விடியற்காலைப் பயிற்சியே தோது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் உப்பள வேலை நிற்கும், திடலும் சேறாகும். அப்போது பயிற்சி தாழ்வாரத்துக்கும் கூடத்துக்கும் மாறும். நெடுங்கம்பை மூலையில் சாத்திவிட்டு, முழ நீளக் குச்சியால் மணிக்கட்டுப் பயிற்சியும் வெறுங்கையால் காலடியும் செய்வதற்கு ஏற்ற காலம் அது. நெடுங்கம்பைத்தான் சுற்றுவேன் என்று அடம்பிடிப்பவர் முதலில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.