வழிநூலின் கடன்

சாயங்காலம் வங்கியில் கணக்கை முடித்துவிட்டு நான் டீ குடிக்கப் போகும் கடையில் நாலைந்து இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பல மாதங்களாக அவர்களுடைய விவாதம் ஒன்றுதான். '2.0' என்ற படம் 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியா, இல்லையா? 2010-ல் வந்த 'எந்திர'னின் கடைசிக் காட்சி 2030-ல் ஒரு மியூசியத்தில் நடக்கிறது. சிட்டி என்ற இயந்திரம் கழற்றப்பட்டுக் காட்சிப்பொருளாக நிற்கிறது. அப்படியானால் 2018-ல் வந்த இரண்டாவது படத்தின் சென்னையில் அதே சிட்டியை எப்படி மாட்டி எழுப்ப முடியும்? ஒருவர் இது பிழை என்கிறார். இன்னொருவர் இது வேறு கதை, பெயர் மட்டும் அதே என்கிறார். மூன்றாமவர் 'சுஜாதா இருந்திருந்தால்' என்று ஆரம்பித்து மேலே பேசாமல் நிறுத்திக்கொள்கிறார்.

நம்மைப் போன்றவர்கள் இந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. வெகுஜன ரசனை, வியாபாரம் என்று இரண்டு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். இப்படி ஒதுக்குவது சோம்பேறித்தனம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த இளைஞர்கள் ஒரு படைப்பை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதன் ஒரு விவரம் மற்றொரு விவரத்தோடு பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம் கூட்டங்களில் பாராட்டப்படும் நாவல்களை இவ்வளவு கவனமாக வாசித்தவர்கள் எத்தனை பேர்?

ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி தவறானது. நாள் முடிவில் எனக்கு ரொக்கமும் ஏடும் டாலி ஆக வேண்டும். அவர்களுக்கு இரண்டு படங்களும் டாலி ஆக வேண்டும். கணக்கு டாலி ஆவதால் மட்டும் வங்கி நன்றாக நடக்கிறது என்று ஆகிவிடாது.

இந்தச் சண்டைக்கு மேல்நாட்டில் ஒரு தீர்ப்புமுறை இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' படங்களை ஒட்டி ஏராளமான நாவல்களும் காமிக்ஸ்களும் எழுதப்பட்டன. 2012-ல் லூகாஸ் ஃபிலிமை டிஸ்னி வாங்கியது. 2014 ஏப்ரலில் அதுவரை வந்த கிளைக்கதைகளில் மிகப் பெரும்பாலானவை இனி அதிகாரபூர்வக் கதையில் சேராது, 'பழங்கதை' என்ற தலைப்பில் தனியே விற்கப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. வாசகன் இருபது வருஷம் மனசில் வைத்திருந்த பாத்திரங்கள் ஒரு அறிக்கையில் நடக்காதவையாகிவிட்டன. சொத்துரிமை யாரிடமோ அவரிடமே உண்மையும் இருக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

நம் மரபில் இப்படி அறிவிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. மயில் ராவணன் கதை வால்மீகியில் இல்லை. அல்லி அரசாணி வியாசனுக்குத் தெரியாதவள். இருந்தும் இரண்டு கதைகளும் மக்களிடையே வாழ்ந்திருக்கின்றன. இலக்கணக்காரர்களும் இதை ஒரு குற்றமாகப் பார்க்கவில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் வகைப்படுத்துகிறது. தொகுப்பதும் விரிப்பதும் இரண்டையும் சேர்த்துச் செய்வதும் மட்டுமல்ல, மொழிபெயர்ப்பதும் தொல்காப்பியத்துக்கு வழிநூல்தான். அந்தக் கணக்கில், 1960களில் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் தோன்றி, 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் மூலம் தமிழ்ப் பையன்களிடம் வந்த இரும்புக்கை மாயாவியும் ஒரு வழிநூலே. லூயிஸ் கிராண்டேல் என்ற பெயர் அந்தப் பையன்களுக்கு அந்நியமாகப் படவில்லை.

வழிநூல் முந்தியதின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் பின்னால் வந்தவன் தான் வேண்டுகிற வேறுபாட்டையும் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். டீக்கடைச் சண்டை முழுவதும் முதல் பாதியைப் பற்றியது. இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பின்னால் வந்தவனுக்கு என்ன வேண்டியிருந்தது? எதற்காக அவன் திரும்பி வந்தான்?

இதற்கு ஒரு அளவுகோல் திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தனிடம் இருக்கிறது. 1943-ல் வந்த 'சாபவிமோசனம்' ராமாயணத்தின் ஒரு கிளைக்கதை. ராமாயணப் பரிச்சயமுள்ளவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலையில்லை என்ற தொனியில் ஒரு முன்குறிப்போடுதான் அதை வெளியிட்டார். ராமனின் பாதத்தூளி பட்டு எழுந்த அகலிகை, சீதையை அவன் தீயில் இறங்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டு மறுபடியும் கல்லாகிறாள். மூலத்தோடு இது டாலி ஆகாது. ஆனால் இதை வாசித்த பிறகு மூலத்தில் அகலிகை எழும் இடத்தைப் பழைய நிம்மதியோடு வாசிக்கவும் முடியாது. கல்லை எழுப்பினாய், சரி, எந்த உலகத்துக்குள் எழுப்பினாய் என்று அந்தக் கதை கேட்கிறது. நல்ல வழிநூல் முதல்நூலைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது. அதுதான் அது தீர்க்க வேண்டிய கடன்.

இந்த அளவுகோலோடு சுஜாதாவிடம் போகலாம். 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பின்னால் தூர்தர்ஷனிலும் தொடரானது. அதில் வரும் எதிர்கால இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். பெயர்கள் இரண்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. குழந்தை பெற அனுமதி வாங்க வேண்டும். நிலா என்ற சாதாரணப் பெண், ரவி என்ற புரட்சிக்காரன், படிக்கிற ஒரு இயந்திர நாய் ஜீனோ. கடைசியில் ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம் என்று வெளிப்படுகிறது. ஒரு தொடர்கதைக்கு இது போதுமான முடிவு. பொய் உடைந்தது, வாசகன் திருப்தியோடு அடுத்த தொடருக்குப் போகலாம்.

ஆனால் 'மீண்டும் ஜீனோ' அந்தத் திருப்தியைக் கெடுத்தது. பொய்யை உடைத்தவர்களே நிலாவை ராணியாக உட்கார வைத்து, பின்னாலிருந்து ஆள்கிறார்கள். பிம்பம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் நாவலின் வெற்றி என்ன வெற்றி என்று இரண்டாவது நாவல் கேட்கிறது. நடையில் அவசரம் உண்டு, வாராவாரம் கொக்கி போட்டு நிறுத்தும் உத்தி உண்டு. இருந்தாலும் இது வழிநூல். வியாபாரம் என்று நாம் ஒதுக்கும் அதே வாரப் பத்திரிகையின் பக்கங்களில் இது நடந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் வியாபாரமே காரணம் என்பது விமர்சனம் ஆகாது.

இனி '2.0'. சுஜாதா 2008-ல் இறந்துவிட்டார். 'எந்திர'னில் அவருடைய வசனம் இருந்தது. இரண்டாவது படத்தில் ஷங்கரோடு வேலை செய்தவர் ஜெயமோகன். நம்முடைய சிறுபத்திரிகை உலகத்திலிருந்து போனவர் ஆகையால் இது நமக்கு வெளியில் நடந்த விஷயம் என்று கைகழுவிவிட முடியாது.

'எந்திர'னின் இரைச்சலுக்குப் பிறகு ஒரே ஒரு அமைதியான இடம் வருகிறது. கோர்ட் உத்தரவின்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. மியூசியத்தில் ஒரு சிறுமி ஏன் என்று கேட்க, சிந்திக்கத் தொடங்கிவிட்டேன் என்ற பொருளில் பதில் சொல்கிறது. ஒரு ஜீவன் தன் இருப்பின் விபரீதத்தை உணர்ந்து, அடங்கிப் பொருளாக நிற்கிறது. அகலிகை கல்லான இடத்துக்கு இது வெகு தூரமில்லை.

இரண்டாம் படம் அந்தக் கல்லை எழுப்புகிறது. ஆனால் எழ அதற்குச் சம்மதமா என்று கேட்கவில்லை. ஊருக்கு ஆபத்து, மாட்டு, எழுப்பு, சண்டைக்கு அனுப்பு. முதல் படத்தில் நாசத்துக்கெல்லாம் காரணமாக இருந்த சிவப்புச் சில்லு, இரண்டாவதில் வெற்றிக்கான ஆயுதமாகிறது. தியேட்டரில் கைதட்டுகிறார்கள். முதல் படத்தில் அழிவாக இருந்தது எப்படி இங்கே வரமாயிற்று? படம் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை. நிலா என்ற பெயர்கூட இங்கே ஒரு உதவியாளர் இயந்திரத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இது தற்செயலா, சுஜாதாவுக்கு அஞ்சலியா என்று டீக்கடையில் ஒரு தனிக் கட்சி பேசிக்கொண்டிருக்கிறது. என் கவலை வேறு. நாவலில் ஒரு பெண்ணைப் பொம்மை ராணியாக்கியது அநியாயம் என்று உணர்த்தப்பட்டது. படத்தில் அந்தப் பெயரோடு வருவது பொம்மையேதான், அதில் யாருக்கும் உறுத்தலும் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பறவைகளுக்காக மன்றாடித் தோற்றுப்போகும் பட்சிராஜன் பகுதியில் உண்மையான துக்கம் இருக்கிறது. ஆனால் அது சிட்டியின் கதையிலிருந்து முளைத்ததல்ல. தனி முதல்நூலாகியிருக்க வேண்டியது, ஒரு பிரபலமான பெயரின் முதுகில் ஏறி வந்திருக்கிறது. 2030 என்ற வருஷக் கணக்கு இடிக்கிறது என்பது சிறிய குறை. முதல் படம் எழுப்பிய கேள்வியை இரண்டாம் படம் மறந்துவிட்டது என்பதே பெரிய குறை.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. குலசேகரன்பட்டினம் வேடங்களின் ஊர். தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, குரங்காக, ராஜாவாக, போலீஸ்காரராகக்கூட வேடம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி வருகிறார்கள். போலீஸ்காரன் புராணத்தில் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. விரதம் இருந்தானா என்றுதான் கேட்கிறார்கள். வேடம் எதுவானாலும் அதைத் தாங்குகிறவன் அதற்குக் கொடுத்தது என்ன என்பதே இங்கே கணக்கு.

இதே ஊரில் 2024 பிப்ரவரி 28-ம் தேதி இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இங்கிருந்து நேராகக் கடல்மேல் போகலாம். பனங்காட்டுக்கும் தேரிக்கும் நடுவில் விஞ்ஞானம் வந்து இறங்குகிறது. அதைப் பற்றிக் கதைகள் வரும், கதைகளுக்கு இரண்டாம் பாகங்கள் வரும், இளைஞர்கள் சண்டை போடுவார்கள். போடட்டும். முன்னால் வந்ததோடு இது பொருந்துகிறதா என்று கேட்டுவிட்டு, முன்னால் வந்தது கேட்கத் தவறியதை இது கேட்டதா என்றும் சேர்த்துக் கேட்டார்களானால், டீக்கடையில் விமர்சனம் ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு நானும் அவர்களுடைய பெஞ்சில் போய் உட்காரலாம் என்றிருக்கிறேன்.