டிசம்பர் 25: ஒரு தேதி வந்த வழி

நற்செய்தி நூல்கள் நான்கில் எதிலும் இயேசு பிறந்த தேதி இல்லை. உயிர்ப்புப் பெருவிழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்று ஆதித் திருச்சபை கடுமையாக வாதாடியது. பிறந்த நாளுக்கு அப்படி ஒரு வாதமே எழவில்லை. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, சிலர் சொல்லிவந்த நாள்களைக் குறித்துவைத்தார். மே 20 என்றார்கள் சிலர், ஏப்ரல் 19 அல்லது 20 என்றார்கள் வேறு சிலர். டிசம்பரை யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 25க்கு நம்மிடம் உள்ள மூத்த உறுதியான சான்று, ரோமில் ஃபிலோகாலுஸ் என்ற எழுத்தோவியர் 354இல் ஆக்கிய ஆண்டேடு. மூல ஏடு அழிந்துபோய், படிகளின் படிகளே எஞ்சின. அதில் மறைசாட்சிகளின் நினைவுநாள் பட்டியல் ஒன்று உண்டு. 336ஆம் ஆண்டளவில் தொகுத்தது என்பது அறிஞர் கணிப்பு. அதன் முதல் வரியே யூதேயா நாட்டுப் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்ததைச் சொல்கிறது. தேதி, ஜனவரி முதல் நாளுக்கு முன் எட்டாம் நாள். இரு முனையையும் சேர்த்து எண்ணுவது ரோமர் வழக்கம்; அப்படி எண்ணினால் டிசம்பர் 25. அதே ஏட்டின் அரசு நாட்காட்டியில் அதே தேதிக்கு 'வெல்லப்படாதவன்' (அதாவது சூரியத் தெய்வம்) பிறந்தநாள், முப்பது தேர்ப்பந்தயங்கள் என்று இருக்கிறது.

இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் இரண்டு கட்சிகள் கிளைத்தன. அவுரேலியன் பேரரசர் 274இல் சூரியனுக்குக் கோயில் எழுப்பினார், திருச்சபை அந்தச் சூரிய விழாவைத் தனதாக்கிக்கொண்டது என்பது ஒரு கட்சி. ஊரெல்லாம் சொல்வது இதுதான். ஆனால் டிசம்பர் 25இல் அப்படி ஒரு விழா நடந்ததற்குத் தெளிவான முதல் சான்றும் இதே ஏடுதான்! எது முந்தியது என்று இதைக் கொண்டு எப்படித் தீர்ப்பது?

1889இல் பிரெஞ்சு அறிஞர் லூயி துஷேன் முன்வைத்தது கணக்குக் கட்சி. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று மேற்கே நம்பினார்கள். கருவான நாளும் மரித்த நாளும் ஒன்றே என்று கொண்டார்கள். கருவான அந்த மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே ஒரு சாரார் ஏப்ரல் 6 என்று கொண்டார்கள். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால், கிழக்கே பிறப்பைக் கொண்டாடிய ஜனவரி 6. புனித அகுஸ்தினார் இந்தக் கணக்கை வெளிப்படையாக எழுதுகிறார். அவர் விழா நிலைபெற்ற பிறகு எழுதியவர் என்பது இக்கட்சியின் குறை. இருந்தும் கிழக்கு, மேற்கு இரண்டுக்கும் ஒரே முறையில் விடை தருவதால் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது.

அந்தியோக்கியாவில் 386இல் பிரசங்கித்த பொன்வாய் யோவான் கிறிசோஸ்தோம், இந்த நாள் அங்கே அறியவந்து பத்தாண்டுகூட ஆகவில்லை என்றார். ஆர்மீனியத் திருச்சபையோ இன்றும் ஜனவரி 6ஐ விடவில்லை. எருசலேமில் அவர்கள் பழைய யூலிய நாட்காட்டியைக் கைக்கொள்வதால் அது ஜனவரி 19இல் வரும். அதனால் பெத்லகேமில் கிறிஸ்து பிறப்பு விழா மூன்று முறை நடக்கிறது: டிசம்பர் 25, ஜனவரி 7 (யூலிய நாட்காட்டியின் டிசம்பர் 25), ஜனவரி 19.